வெள்ளவத்தையில் வீட்டுக்கல்வி: எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் பதில்களும்

கோயில் வாசலில், கலியாண வீட்டில், தொடர்மாடி லிஃப்டுக்குள், கனடாவில் இருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்பில் என்று எங்கே போனாலும் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல விருப்பம், ஆனால் லிஃப்ட் அதற்குள் கீழே வந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். மகளுக்குப் பதினான்கு வயது, மகனுக்குப் பத்து. கணவர் கோட்டையில் வேலை செய்கிறார். நான் இரண்டு சிறிய கடைகளுக்கு வீட்டில் இருந்தே கணக்கு எழுதுகிறேன். என் அம்மாவும் எங்களோடுதான். பிள்ளைகள் இருவரும் வீட்டில் படிக்கிறார்கள்.

பாடசாலை மீது என்ன கோபம்?

ஒரு கோபமும் இல்லை. நானும் கணவரும் அரசாங்கப் பாடசாலையில் ஒரு சதம் கட்டாமல் படித்து வந்தவர்கள். 1945 இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்திராவிட்டால் என் அம்மா எழுத்துக்கூட்டி வாசிப்பதோடு நின்றிருப்பார். பாடசாலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, சொல்லவும் மாட்டேன்.

எங்களை யோசிக்க வைத்தது நேரம். கொழும்பில் ஒரு பிள்ளையின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விடியமுன் எழுப்பி, அரைத் தூக்கத்தில் பாணைத் தீத்தி, ஆறு மணி வேனில் ஏற்றிவிட்டால், ஒன்றரைக்கு மணி அடித்த பிறகும் வேன் ஊர் சுற்றித்தான் வீடு வரும். சாப்பிட்டுவிட்டு டியூஷன். புலமைப்பரிசில் வருடம் என்றால் சனி ஞாயிறும் டியூஷன். மகள் மூன்றாம் தரம் வரை அப்படித்தான் போனாள். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகளை மூடியபோது அவள் வீட்டிலிருந்து படித்தாள். முன்பைவிட நன்றாகத் தூங்கினாள், தானாகப் புத்தகம் எடுத்தாள், கேள்வி கேட்கத் தொடங்கினாள். 2022 இல் பெற்றோல் இல்லாமல், மின்வெட்டோடு மறுபடியும் பாடசாலைகள் மூடப்பட்டபோது நானும் கணவரும் இருட்டில் உட்கார்ந்து கதைத்து முடிவெடுத்தோம். மகன் பாடசாலைக்கே போனதில்லை.

இது சட்டப்படி சரியா?

மேலோட்டமாகப் பதில் சொல்லக்கூடாத கேள்வி இது. இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். முன்பு மேல் எல்லை 14 ஆக இருந்தது, 2016 இல் அதை 16 ஆக்கினார்கள். அந்தப் பொறுப்பைச் சட்டம் பெற்றோரின் தலையில்தான் வைக்கிறது. வீட்டுக்கல்விக்கென்று தனிச் சட்டம் இங்கே கிடையாது. இங்கிலாந்தில் 1996 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே, பிள்ளை பாடசாலையிலோ வேறு வழியிலோ கற்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. லண்டனில் இருக்கும் மச்சாள் சொன்னதை அப்படியே கொண்டுவந்து இங்கே பொருத்த வேண்டாம்.

ஆகவே பிள்ளையைப் பாடசாலையில் இருந்து எடுக்குமுன் ஒரு சட்டத்தரணியிடம் உட்கார்ந்து, கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகளை வைத்து உங்கள் நிலைமையைக் கேளுங்கள். விடுகைப் பத்திரத்தை முறையாக வாங்குங்கள், சும்மா அனுப்பாமல் நிறுத்திவிட வேண்டாம். அப்புறம் ஒரு கோவை வைத்திருங்கள். பிறப்புச் சான்றிதழ், விடுகைப் பத்திரம், தவணைக்குத் தவணை பிள்ளை எழுதிய கொப்பிகளில் சில, வாசித்த புத்தகங்களின் பட்டியல். கிராம உத்தியோகத்தரோ கல்வி அதிகாரியோ வந்து கேட்டால் தடுமாறாமல் எடுத்துக் காட்ட அது உதவும். அவர்கள் கேட்பது அவர்களின் கடமை, அதில் மனத்தாங்கலுக்கு ஒன்றும் இல்லை. பாடசாலைக்குப் போகாத பிள்ளை என்றால் எங்கேயோ வேலைக்கு விட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டியதும் அவர்கள்தான்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

கணவர் ஏழரைக்கு வெளிக்கிடும் வரை படிப்பு என்ற பேச்சே இல்லை. மகன் தேங்காய் துருவுவான், மகள் இடியப்பம் பிழிவாள் அல்லது பாணுக்குச் சம்பல் இடிப்பாள். எட்டரைக்கு எல்லாரும் சாப்பாட்டு மேசையில். முதலில் கணிதம், ஏனென்றால் வெயில் ஏறிய பிறகு மகனுக்குக் கணிதம் ஓடாது. அப்புறம் தமிழ் எழுத்து வேலை, அதன்பின் ஒருநாள் சிங்களம், மறுநாள் ஆங்கிலம். பத்தரைக்கெல்லாம் அவன் எழும்பிவிடுவான். மகள் இப்போது சாதாரண தரத்துக்குத் தயாராவதால் பன்னிரண்டு, சில நாட்களில் ஒரு மணி வரை இருப்பாள்.

இவ்வளவுதானா என்று கேட்பார்கள். ஆம், மேசையில் இவ்வளவுதான். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரு ஆசிரியை இடாப்புக் கூப்பிட்டு, கொப்பி திருத்தி, பின்வரிசையில் சண்டையையும் தீர்த்துவிட்டுத்தான் பாடத்துக்கு வரவேண்டும். இங்கே பிள்ளைக்கு ஒரு பின்னம் விளங்கவில்லை என்றால் அந்த நிமிடமே எனக்குத் தெரியும், விளங்கிவிட்டால் அடுத்த இருபது கணக்கைச் செய்யச் சொல்ல வேண்டியதும் இல்லை. நேரம் மிச்சமாவது அங்கேதான்.

அதற்குப் பிறகு வருவது எனக்கு மிகவும் பிடித்த பாடம், அதற்கு ஆசிரியை அம்மம்மா. அவருக்குக் கண் தெளிவில்லை. அதனால் மகன் பத்திரிகையை அவருக்குச் சத்தமாக வாசிக்க வேண்டும். தலைப்புச் செய்திகள் முடிந்ததும் நேரே மரண அறிவித்தல் பக்கம். புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும், கொழும்பை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் மைத்துனியும் என்று நீண்டு போகும் அந்த ஒற்றை வாக்கியத்தை மூச்சு விடாமல், நிறுத்தக்குறி பார்த்து வாசிக்கப் பழகிய பிள்ளைக்குப் பாடநூலில் எந்த வாக்கியமும் நீளமாகத் தெரியாது. சுவரில் ஒரு இலங்கைப் படமும் ஒரு உலகப் படமும் ஒட்டியிருக்கிறோம். பிறந்த ஊரை இதிலும், பிள்ளைகள் இருக்கும் ஊரை அதிலும் தேட வேண்டும். புங்குடுதீவு, காரைநகர், மூதூர், பதுளை, அங்கிருந்து டொரொன்டோ, ஒஸ்லோ, பாரிஸ். எங்கள் ஆட்கள் ஏன் இவ்வளவு தூரம் போனார்கள் என்று ஒருநாள் அவன் கேட்டான். அம்மம்மா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு 1983 இனக் கலவரத்தைப் பற்றி, பிள்ளைக்குச் சொல்லக்கூடிய அளவில், தான் கண்டதைச் சொன்னார். எந்த வேலைத்தாளாலும் அந்தப் பாடத்தைத் தந்திருக்க முடியாது.

மத்தியானம் சாப்பாடு, புத்தகம், தூக்கம், யார் யாருக்கு எது தேவையோ அது. மூன்று மணிக்குப் பிறகு வெளியே. சந்தை, வாசிகசாலை, மகளுக்கு வீணை வகுப்பு, மகனுக்குப் பந்து. மாத முடிவில் என் கணக்கு வேலை குவியும் நாட்களில் மேசைப் படிப்பு அரைவாசிதான் நடக்கும், காய்ச்சல் வந்தால் நடக்கவே நடக்காது.

எந்தப் பாடத்திட்டம்? புத்தகம் எங்கே வாங்குவது?

நாங்கள் அரசாங்கப் பாடத்திட்டத்தையே முதுகெலும்பாக வைத்திருக்கிறோம், தமிழ் மொழிமூலம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையதளத்தில் ஒன்றாம் தரம் முதல் பாடநூல்கள் இலவசமாக இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன. மகரகமையில் இருக்கும் தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் வழிகாட்டிகளை வெளியிடுகிறது. பலர் பாடநூலை மட்டும் எடுத்துக்கொண்டு வழிகாட்டியை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் வழிகாட்டிதான் பெற்றோருக்கு முக்கியம், ஏனென்றால் இந்தப் பாடம் எதற்காக வைக்கப்பட்டது, பிள்ளை கடைசியில் எதைச் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. நோக்கம் தெரிந்துவிட்டால் பாடத்தை உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றலாம். சீர்திருத்தங்கள் நடந்துகொண்டிருப்பதால் பழைய பதிப்பை யாராவது தந்தால், புதியதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வெளிநாட்டுப் பாடப் பொதிகளை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. குளிர்நாடுகளின் இலையுதிர்காலத்தைப் பற்றிய விஞ்ஞானப் பாடத்தை வெள்ளவத்தைப் பிள்ளை படித்து என்ன செய்ய? இங்கே பெய்யும் பருவமழை இரண்டையும் ஒழுங்காக விளங்கிக்கொள்ளட்டும்.

மூன்று மொழியையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கொழும்பில் தமிழ்ப் பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு இதுதான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன், பாடசாலைக்கு அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும். எங்கள் தொடர்மாடியிலேயே அப்பா அம்மா தமிழில் கேட்க, பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வீடுகள் எத்தனையோ. அவர்களைக் குறை சொல்லவில்லை, ஊரின் ஓட்டம் அப்படி. ஆனால் நாங்கள் வீட்டுக்கல்வியை எடுத்துக்கொண்டதில் பாதிக் காரணம் தமிழ்தான். சிந்திக்கும் மொழி தமிழாக இருக்க வேண்டும், மற்ற இரண்டும் அதன் மேல் நிற்க வேண்டும் என்று விரும்பினோம். விஞ்ஞானமும் வரலாறும் தமிழிலேயே படிக்கிறார்கள்.

57 ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942 இல் தொடங்கியது. அதன் நூலகத்தை வெள்ளவத்தையில் இருக்கும் எத்தனை பேர் பயன்படுத்துகிறோம்? பழைய ஈழத்துப் புத்தகங்கள், சஞ்சிகைகளை வீட்டிலிருந்து வாசிக்க நூலகம் என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது, 2005 இல் இருந்து இயங்குகிறது, ஒரு சதமும் கட்ட வேண்டாம். மகள் அதில் பழைய சிறுவர் சஞ்சிகைகளைத் தோண்டி எடுத்து வாசிப்பாள்.

சிங்களத்துக்கு வருகிறேன். எழுத்தைக் கொப்பியில் அரிவரியாக எழுதவைத்து மகன் சலித்துப்போன நேரத்தில் ரயில் கைகொடுத்தது. வெள்ளவத்தையில் ஏறி கோட்டைக்குப் போகும்போது ஒவ்வொரு நிலையத்திலும் பெயர்ப் பலகை மூன்று மொழியிலும் இருக்கும். தமிழில் என்ன என்று தெரியும், ஆகவே சிங்களத்தில் எது எந்த எழுத்து என்று பொருத்திப் பார்க்கலாம். பம்பலப்பிட்டியில் வந்த கடைசி மூன்று எழுத்தும் கொள்ளுப்பிட்டியிலும் அப்படியே வந்ததைக் கண்டுபிடித்தபோது, அம்மா அதே பி, அதே டி என்று பெட்டி முழுக்கக் கேட்கக் கத்தினான். பக்கத்தில் நின்ற ஒரு சிங்கள அங்கிள், இறங்கும் வரை ஜன்னல் வழியே தெரிந்த ஒவ்வொரு பலகையையும் அவனுக்கு வாசித்துக் காட்டினார். அதன்பிறகு 100, 101 பஸ் பலகை, கடைப் பலகை, பால்மா பெட்டி எல்லாம் பாடநூல்தான்.

பேச்சுக்குச் சந்தை. முதலில் கீயத என்று விலை கேட்பது மட்டும், அப்புறம் பேரம், இப்போது ஊர்க்கதை. கணிதமும் அங்கேயே நடக்கும். மரக்கறி விலையை 250 கிராமுக்குத்தான் சொல்வார்கள். போஞ்சி 250 கிராம் 180 ரூபா, எங்களுக்கு 600 கிராம் வேண்டும், எவ்வளவு? மகன் அரைக் கிலோவுக்கு 360 என்று எடுத்து, 100 கிராமுக்கு 72 என்று பிரித்து, 432 என்றான். கடைக்காரர் தராசில் கொஞ்சம் கூடப் போட்டுவிட்டு 440 தாருங்கள் என்றார். கூடப் போட்டது எத்தனை கிராம் இருந்தால் 440 சரி என்று வீடு வரும் வரைக்கும் அவன் மனத்துக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான். நேர்விகிதசமன் அத்தியாயம் வரும்போது அவனுக்கு அது புதிதாக இருக்காது.

ஆங்கிலத்தைப் பற்றிப் பலர் கவலைப்படுவார்கள். கொழும்பில் ஆங்கிலம் தானாக வந்து சேரும், வாசிக்க நல்ல கதைப் புத்தகம் மட்டும் கொடுங்கள்.

வரலாறு, விஞ்ஞானம் எல்லாம் வீட்டுக்குள் எப்படி?

வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? கொழும்பில் இருப்பதன் பெரிய பாக்கியமே வெளியே இருக்கிறது. 1877 இல் திறந்த தேசிய நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்தளபதி செங் ஹேயின் காலத்தது, 1409 என்று திகதியிடப்பட்டது, 1911 இல் காலியில் கண்டெடுத்தார்கள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய மரபுக்கும் காணிக்கை கொடுத்ததைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதிக்கு முன்னால் மகள் வெகுநேரம் நின்று, தனக்குப் பிடிபட்ட எழுத்துகளைக் கொப்பியில் வரைந்தாள். சீன அரசன் எதற்காகத் தமிழில் எழுதினான் என்பது அவளுடைய கேள்வி. இந்து சமுத்திரத் துறைமுகங்களில் வணிகம் செய்தவர்கள் பேசிய மொழிகளில் தமிழும் ஒன்று என்று தேடிக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு கிழமை பிடித்தது. நான் முதல் நாளே சொல்லியிருக்கலாம், வேண்டுமென்றே சொல்லவில்லை.

விஞ்ஞானத்துக்குக் கோட்டேயில் பெத்தகான ஈரநிலப் பூங்கா. காலையிலேயே போய்விட வேண்டும். மீன்கொத்தி, நீர்க்காகம், கபரகொய்யா எல்லாம் அந்த நேரத்தில்தான் வெளியே இருக்கும். உலகிலேயே முதன்முதலில் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற நகரங்களில் கொழும்பும் ஒன்று, 2018 இல் கிடைத்தது. மழைவெள்ளம் வரும்போது இந்தச் சதுப்புநிலம் தண்ணீரைப் பிடித்துவைக்காவிட்டால் எங்கள் ஒழுங்கைக்கு என்ன ஆகும் என்று அங்கே மரப்பாதையில் நின்று விளங்கப்படுத்தினால் பிள்ளைக்கு மறக்காது.

உங்களுக்கே தெரியாத பாடம் வந்தால்?

ஆள் பிடிப்போம். மகளுக்குக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கிழமையில் இரண்டு நாள் வருகிறார். டியூஷனை விட்டு ஓடிவந்து மறுபடியும் டியூஷனா என்று ஒரு பெரியப்பா கேட்டார். வித்தியாசம் இருக்கிறது. மகள் முதலில் தானாகப் பாடத்தைப் படித்து, விளங்காத இடத்தைக் குறித்து வைத்துவிட்டுத்தான் அவரிடம் உட்காருவாள். அவர் நோட்ஸ் சொல்ல இவள் எழுதும் வகுப்பு இல்லை அது.

சாதாரண தரப் பரீட்சையை எப்படி எழுதுவது?

பாடசாலை மூலமாக இல்லாமல் எழுதுபவர்களுக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தி என்ற வழி இருக்கிறது. பரீட்சைத் திணைக்களம் விண்ணப்பம் கோரும் அறிவித்தலைப் பத்திரிகையிலும் தன் இணையதளத்திலும் வெளியிடும். அதை முழுதாக, நிபந்தனைகளோடு வாசியுங்கள், முடிவுத் திகதியைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். இப்போதுள்ள முறையில் ஆறு பாடங்கள் கட்டாயம்: சமயம், முதல்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு. மிச்சம் மூன்றும் மூன்று தொகுதிகளில் இருந்து ஒவ்வொன்று.

தெரிவுப் பாடங்களை எடுக்கும்போது வீட்டில் படிக்கும் பிள்ளை ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும். சங்கீதம், நடனம் போன்றவற்றுக்குச் செயன்முறைப் பரீட்சை உண்டு, அதற்கான ஒழுங்கையும் நீங்களே செய்ய வேண்டிவரும். மகள் வீணை வாசித்தாலும் அந்தத் தொகுதியில் தமிழ் இலக்கிய நயத்தை எடுத்திருக்கிறாள். வீணைக்கு வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சை தனியாக எழுதுகிறாள். இதில் இன்னொரு நன்மையும் உண்டு, பரீட்சை மண்டபம், சுட்டெண், நேரம் முடிந்ததும் பேனையைக் கீழே வைப்பது எல்லாம் அவளுக்கு முன்கூட்டியே பழகிவிட்டது. முதல் தொகுதியில் இரண்டாம் மொழி சிங்களம். கடந்தகால வினாத்தாள்களைக் கடைசி வருடத்தில் மணிக்கூட்டை வைத்துச் செய்விக்க வேண்டும், அதில் சலுகை காட்டாதீர்கள்.

அடையாள அட்டை மறந்துவிடும் விஷயம். 15 வயதில் எடுக்கலாம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதிபர் மூலம் நடக்கும், எங்கள் பிள்ளைகள் கிராம உத்தியோகத்தர் மூலமாகப் போக வேண்டும். பரீட்சை மண்டபத்துக்கு அது தேவை, ஆகவே பிறந்தநாள் வந்த உடனேயே தொடங்குங்கள்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பாடசாலை வழியாக மட்டும்தான், எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை. எனக்கு அதில் கவலை இல்லை. லண்டன் பரீட்சை என்று நாம் சொல்லும் கேம்பிரிட்ஜ், எடெக்ஸல் இரண்டையும் பிரிட்டிஷ் கவுன்சில் மூலம் தனியாக எழுதலாம். அங்கே பாடத்துக்குப் பாடம் கட்டணம், அது சின்னத் தொகை இல்லை, பவுணின் விலை ஏறினால் அதுவும் ஏறும். ஆங்கில மொழிமூலம் படிப்பிக்கிற குடும்பங்களுக்கு அந்த வழி பொருந்தும்.

தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை?

இதை யாரும் கேட்பதில்லை, நானாகவே சேர்க்கிறேன், ஏனென்றால் முக்கியம். பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சில ஊசிகள் பாடசாலையிலேயே போடப்படும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியை 2017 முதல் ஆறாம் தரப் பெண் பிள்ளைகளுக்கு இரண்டு தடவையாகக் கொடுக்கிறார்கள். ஏழாம் தரத்தில் ஏற்புவலி, தொண்டைக் கரப்பானுக்கான ஊசி. வீட்டில் படிக்கும் பிள்ளையைத் தேடி யாரும் வரமாட்டார்கள். பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், பிள்ளை பாடசாலைக்குப் போவதில்லை என்று சொல்லிக் கேளுங்கள். கண், பல், உயரம், நிறை பார்ப்பதையும் வருடத்துக்கு ஒருமுறை நீங்களே ஒழுங்கு செய்யுங்கள். கரும்பலகை இல்லாத வீட்டில் பிள்ளைக்குத் தூரப்பார்வை மங்கினால் வெகுநாளைக்குத் தெரியாமலே இருக்கும்.

நண்பர்கள் இல்லாமல் பிள்ளை தனித்துப் போகாதா?

போகலாம், கவனிக்காவிட்டால். பாடசாலையில் நண்பர் தானாகக் கிடைப்பார், வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அது நடக்காது. மகன் மாலையில் தொடர்மாடிப் பிள்ளைகளோடு கீழே விளையாடுகிறான், ஆனால் அவர்கள் டியூஷன் முடிந்து வர ஐந்தரை ஆகிவிடும், பரீட்சைக் காலத்தில் வரவே மாட்டார்கள். ஞாயிறு காலை அறநெறி வகுப்பு, அங்கேதான் அவனுடைய உயிர்த்தோழன் கிடைத்தான். மகளுக்குக் கூட்டம் குறைவு. பதினான்கு வயதில் ஒரு பெண்பிள்ளைக்குத் தன் வயதுத் தோழிகள் ஒரு பட்டாளம் வேண்டும், அவளுக்கு இருப்பது இரண்டு பேர். பாடசாலை விளையாட்டுப் போட்டியின் இல்லச் சத்தம் தெருவில் கேட்கும் மாசி மாதத்தில் அவள் முகம் எனக்குத் தெரியும். அதை நான் மூடி மறைக்க விரும்பவில்லை. அவளோடு வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, திரும்பப் போக வேண்டுமா என்று உண்மையாகவே கேட்கிறோம். இதுவரை வேண்டாம் என்கிறாள். உயர்தரத்துக்குப் போகலாம் என்று யோசிக்கிறாள், போகட்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. எந்த வயது ஆளோடும் இவர்கள் கதைப்பார்கள். சந்தைக்காரர், வாசிகசாலை அக்கா, வீணை மிஸ், அம்மம்மாவைப் பார்க்க வரும் எண்பது வயதுத் தாத்தாக்கள் எல்லாரும் இவர்களுக்குத் தெரிந்தவர்கள்.

ஃபோன்?

மகனிடம் இல்லை. மகளிடம் வீட்டு டப்லெட் மட்டும், மேசையில் வைத்துப் பயன்படுத்த. நாள் முழுக்க வீட்டில் இருக்கும் பிள்ளையிடம் திரையைக் கொடுத்துவிட்டால் வீட்டுக்கல்வி அன்றோடு முடிந்தது.

செலவு எப்படி?

சர்வதேசப் பாடசாலைக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, அரசாங்கப் பாடசாலையோடு ஒப்பிட்டால் அதிகம். ஆசிரியருக்குக் கொடுப்பது, வீணை, புத்தகம், அச்செடுக்கும் செலவு, பஸ் காசு. ஆனால் பெரிய செலவு ரசீதில் வராது. நான் முழுநேர வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளம்தான் அது. பெரும்பாலான வீடுகளில் வேலையை விடுவது அம்மாதான், அதை யாரும் கணக்கில் எடுப்பதும் இல்லை. தொடங்குமுன் கணவனும் மனைவியும் இதைக் காசாகவே எழுதிப் பார்க்க வேண்டும், யார் எந்த நேரத்தைக் கொடுப்பது என்பதையும் சேர்த்து. எங்கள் வீட்டில் சனிக்கிழமைப் படிப்பும் இரவுச் சமையலும் கணவருடையது. இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் நான் ஒரு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன்.

இடையில் திரும்பப் பாடசாலையில் சேர்க்கலாமா?

தனியார் பாடசாலைகள் நுழைவுப் பரீட்சை வைத்து எடுப்பார்கள். அரசாங்கப் பாடசாலையில் இடைத் தரத்துக்கு இடம் கிடைப்பது வெற்றிடத்தைப் பொறுத்தது, பெயர்போன பாடசாலை என்றால் கடினம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டத்தை ஒட்டியே படிப்பித்திருந்தால் பிள்ளைக்குப் படிப்பில் சிரமம் இருக்காது. காலை ஆறு மணி வேன்தான் சிரமமாக இருக்கும்.

எல்லாருக்கும் இது சரிவருமா?

சரிவராது. வீட்டில் பகலில் பெரியவர் ஒருவராவது இல்லாவிட்டால் வேண்டாம். பிள்ளை பாடசாலையில் சந்தோஷமாக இருந்தால் வேண்டாம். ஆசிரியர் ஒருவரோடு பிரச்சினை என்றால் முதலில் அதைப் போய்ப் பேசுங்கள், வகுப்பை மாற்றிக் கேளுங்கள், அதற்காகப் பாடசாலையையே விட வேண்டாம். நெருப்பு மாதிரிக் கோபம் வருகிற பெற்றோர், பிழை விட்ட உடனே கை ஓங்குகிறவர், தயவுசெய்து வேண்டாம். பாடசாலையில் அடி வாங்கும் பிள்ளைக்கு ஓடிவர ஒரு வீடு இருக்கிறது, வீட்டிலேயே அடி விழுந்தால் அது எங்கே போகும்?

சரி, தொடங்குவதென்றால் எங்கிருந்து?

வருட முடிவு விடுமுறையில் தொடங்கிப் பாருங்கள், பாடசாலையில் இருந்து விலக்காமலே. ஒரு கிழமைக்குப் பாடநூலைத் தொடவேண்டாம். பிள்ளை தானாக எத்தனை மணிக்கு எழும்புகிறது, சும்மா விட்டால் எதை எடுத்துச் செய்கிறது, எந்த நேரத்தில் சிடுசிடுப்பு வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கிழமை, அதற்குத் தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒரு மணித்தியாலம் மட்டும் கணிதமும் வாசிப்பும். விடுமுறை முடிவில் உங்கள் பொறுமை எந்த அளவில் நிற்கிறது என்று நீங்களும், பிள்ளைக்குப் பிடித்ததா என்று பிள்ளையும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதி மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு தாளும் சாதகமாக இருந்தால் சட்டத்தரணியிடம் நேரம் கேளுங்கள், இல்லாவிட்டால் முதலாம் தவணைக்குக் கொப்பி வாங்கி உறை போடத் தொடங்குங்கள்.